புதிய மடிக்கணினியும் பழைய இயங்குதளமும்

நுழையும்முன்

புதிய பொருள் வீட்டிற்கு வந்ததும் பழையதை மறந்துவிடுவது உலக வழக்கம். கணினியைப் பொறுத்தவரை இதற்கு மாறான விருப்பமும் அடிக்கடி எழுகிறது. புதிய மடிக்கணினியை வாங்கியவரே அதனுள் இருக்கும் புதிய இயங்குதளத்தை நீக்கிவிட்டு, தமக்குப் பழகிய பழைய இயங்குதளத்தை நிறுவ முற்படுகிறார். அவ்விருப்பம் ஏன் எழுகிறது, எப்போது நிறைவேறுகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தாத்தாவின் நாற்பது பக்கங்கள்

புனே நகரின் வடகிழக்குப் பகுதியில் அமைந்துள்ளது லோஹேகாவ். விமானப்படைத் தளமும், அதே ஓடுபாதையைப் பயன்படுத்தும் பயணியர் விமான நிலையமும் அங்கு உள்ளன. பணியிட மாற்றத்தால் தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கு வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மகளுக்குத் தந்தை ஒரு மடிக்கணினி வாங்கித் தருகிறார். அதில் விண்டோஸ் 11 நிறுவப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்த பழைய மேசைக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அது பழுதாகிவிட்டது.

பழைய கணினியில் ஓர் அரிய கோப்பும் இருந்தது. கோவில்பட்டிக்கு அருகில் வாழும் தாத்தா ஓய்வுபெற்ற ஆசிரியர். தம் ஊரின் கண்மாய், கோயில் கொடை, பஞ்ச காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆகியவற்றைப் பற்றி நாற்பது பக்கங்களில் தாமே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். கோப்பின் ஒரே படி இப்போது விரலியில் இருக்கிறது. அதைப் புதிய மடிக்கணினியில் திறந்தால் தமிழ் தெரியவில்லை. ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த, பொருளற்ற வரிகளே தெரிகின்றன.

“பழைய கணினியில் நன்றாகத்தானே தெரிந்தது? இதிலும் அந்தப் பழைய விண்டோஸையே போட்டுவிட்டால் சரியாகிவிடும்” என்கிறார் தந்தை. பழுதுபார்க்கும் கடைக்காரரும் வட்டை முழுவதுமாக அழித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் பழையதைப் போட்டுத் தரலாம் என்கிறார். வட்டை அழிப்பது எளிது. அதன்பின் அந்தக் கணினி நன்கு இயங்குமா, தாத்தாவின் தமிழ் உண்மையிலேயே திரும்பி வருமா என்பன வேறு வினாக்கள். அவற்றிற்கு விடை காண, இயங்குதளம் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

காய்கறிக் கடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

திரையில் தோன்றும் படங்களும் பட்டியல்களுமே இயங்குதளம் என்று பலர் கருதுகின்றனர். அவை அதன் முகப்பு மட்டுமே. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைப்பது, விசைப்பலகையில் தட்டியதை உரிய செயலிக்குக் கொண்டுசேர்ப்பது, அச்சுப்பொறிக்கு ஆணையிடுவது ஆகிய அனைத்தும் இயங்குதளத்தின் பணிகள். ஆனால் உலகிலுள்ள ஒவ்வொரு கருவியின் மொழியும் அதற்குத் தெரியாது. எனவே கருவியைச் செய்தவர், அதன் மொழியை இயங்குதளத்திற்கு எடுத்துச் சொல்லும் சிறு நிரல் ஒன்றையும் உடன் தருகிறார். அதனை இயக்கி என்பர்.

ஊரிலிருந்து வந்த பாட்டி லோஹேகாவ் காய்கறிக் கடையில் நின்று “வெந்தயக்கீரை இருக்கிறதா?” என்று கேட்கிறார். கடைக்காரருக்குப் புரியவில்லை. உடன் சென்ற பேரன் “மேதி” என்று சொன்னதும் கட்டு கைக்கு வருகிறது. பாட்டிக்கும் கீரைக்கும் குறையில்லை; இடையில் பேச ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவே. மறுநாள் பேரன் பள்ளிக்குச் சென்றுவிட்டால், கடை நிறையக் கீரை இருந்தும் பாட்டி வெறுங்கையுடன் திரும்ப நேரிடலாம். இயக்கி இல்லாத கணினியின் நிலையும் இதுவே. ஒளிப்படக்கருவி இருக்கும், படம் வராது. ஒலிபெருக்கி இருக்கும், ஓசை எழாது.

பழைய இயங்குதளத்தைப் புதிய கணினியில் நிறுவும்போது எழும் இடர்களுள் பெரும்பாலானவை இந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமையால் வருபவையே. பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இயங்குதளத்திற்கு, சென்ற ஆண்டு உருவான வன்பொருளைத் தெரிந்திருக்க வழியில்லை. கருவியைச் செய்தவர் பழைய தளத்திற்கும் ஓர் இயக்கி எழுதித் தந்திருந்தால் மட்டுமே இரண்டும் பேசிக்கொள்ளும். வணிகப் பயன் இல்லாத இடத்தில் எவரும் அவ்வாறு எழுதித் தருவதில்லை.

உலகமே திரும்பிப் பார்த்த ஆண்டு

புதியதை விலக்கிப் பழையதை நாடும் போக்கு மிகப் பெரிய அளவில் வெளிப்பட்டது 2007ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜனவரி 30ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் விஸ்டாவைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் எக்ஸ்பியுடன் பழகியிருந்தனர். அலுவலகங்களின் கணக்கு மென்பொருள்கள், வீடுகளின் அச்சுப்பொறிகள், வருடிகள் எல்லாம் அதற்கேற்ப அமைந்திருந்தன.

விஸ்டா அழகாக இருந்தது. ஆனால் கனமாகவும் இருந்தது. எக்ஸ்பிக்குக் குறைந்த அளவாக 64 மெகாபைட் நினைவகம் போதும் என்று கூறப்பட்டிருந்தது. விஸ்டாவிற்கோ 512 மெகாபைட் வேண்டும். அக்காலத்து மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த மொத்த நினைவகமே அவ்வளவுதான். அவை தொடங்குவதற்கே நெடுநேரம் பிடித்தது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் விஸ்டா இசைவு கேட்டுக்கொண்டே இருந்ததும் பலருக்குச் சலிப்பூட்டியது. பழைய அச்சுப்பொறிகள் பலவற்றிற்கு விஸ்டாவிற்கான இயக்கிகள் உடனே கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடர், புதிய இயங்குதளம் பழைய கருவியைச் சந்திக்கும்போதும் எழும் என்பதற்கு இது சான்று.

மக்களின் வேண்டுகோளை ஏற்று டெல் நிறுவனம் 2007 ஏப்ரலில், வீட்டுப் பயன்பாட்டிற்கான சில கணினிகளில் எக்ஸ்பியை மீண்டும் விற்கத் தொடங்கியது. எக்ஸ்பியின் விற்பனையை 2008 ஜனவரி இறுதியில் நிறுத்தத் திட்டமிட்டிருந்த மைக்ரோசாஃப்ட், அதனை 2008 ஜூன் 30 வரை நீட்டித்தது. உரிமத்திலும் ஒரு வழி இருந்தது. விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் ஆகிய பதிப்புகளை வாங்கியோர், வேறு உரிமம் வாங்காமலேயே எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறங்கிச் செல்லலாம். வீட்டுப் பதிப்புகளை வாங்கியோருக்கு அவ்வுரிமை இல்லை. பெரும்பாலான மாணவர்களின் கணினிகளில் இருந்தவை வீட்டுப் பதிப்புகளே என்பதை இங்குக் கருத வேண்டும்.

உரிமை உடையோருக்கும் வழி எளிதாக இருக்கவில்லை. எக்ஸ்பி வெளிவந்தபோது வன்வட்டை இணைக்கும் முறை ஒன்றாக இருந்தது. 2007இல் அம்முறை மாறிவிட்டது. எக்ஸ்பியின் நிறுவல் வட்டில் புதிய முறைக்கான இயக்கி இல்லை. ஆகவே வட்டைச் செருகிக் காத்திருந்தவர் வன்வட்டே இல்லை என்ற அறிவிப்பையோ, வெள்ளை எழுத்துகளுடன் கூடிய நீலத்திரையையோ கண்டார். தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து இயக்கியை வழங்கலாம் என்று எக்ஸ்பி ஒரு வழி வைத்திருந்தது. புதிய மடிக்கணினிகளிலோ நெகிழ்வட்டைச் செருகும் இடமே இல்லை! சிலர் கணினியின் அடிப்படை அமைப்பிற்குள் சென்று வன்வட்டைப் பழைய முறையில் இயங்குமாறு மாற்றினர். வேறு சிலர் இயக்கியையும் உள்ளடக்கிய நிறுவல் வட்டைத் தாமே உருவாக்கினர்.

இதே நிலை அடுத்த தலைமுறையிலும் நிகழ்ந்தது. 2015இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலிகளைக் கொண்ட கணினிகளில் விண்டோஸ் 7ஐ நிறுவ முயன்றவர்கள், யுஎஸ்பி வழியே இணைத்த சுட்டியும் விசைப்பலகையும் அசையாமல் நிற்பதைக் கண்டனர். புதிய யுஎஸ்பி முறைக்கான இயக்கி விண்டோஸ் 7இன் நிறுவல் வட்டில் இல்லாததே காரணம். “அடுத்து” என்னும் பொத்தான் திரையில் இருக்கும். அதை அழுத்தத்தான் வழி இருக்காது. இனி வரும் செயலிகளுக்கு அவை வரும் காலத்தின் புதிய விண்டோஸ் பதிப்பே தேவைப்படும் என்று 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. லோஹேகாவ் குடும்பத்தின் இன்றைய மடிக்கணினியில் விண்டோஸ் 7ஐ நிறுவ முயன்றால் நேரிடக்கூடியதும் இத்தகைய நிலையே.

எழுத்தும் இயங்குதளத்திற்குள்தான்

தமிழ் மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ் எழுத்தைத் திரையில் சரியாகக் கோப்பதும் இயங்குதளத்தின் பணியே.

‘கெ’ என்னும் எழுத்தைக் காண்க. ஒலிக்கும்போது ககரம் முன்னும் எகரம் பின்னும் வருகின்றன. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது. ‘கொ’ என்பதில் உயிரின் அடையாளம் இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ஒருங்குறியில் தமிழ், ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது: முதலில் ககரம், பின்பு உயிர்க்குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவதும் துணைக்காலை வலப்பக்கம் வைப்பதும் இயங்குதளத்திற்குள் இருக்கும் எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. அந்நிரல் இல்லாத பழைய இயங்குதளத்தில் கொம்பு தவறான இடத்தில் நிற்கும். எழுத்துரு இல்லையேல் வெறும் கட்டங்களே வரிசையாகத் தெரியும்.

விண்டோஸ் வரிசையில் ஒருங்குறித் தமிழுக்கு முதன்முதலில் இடமளித்தது விண்டோஸ் 2000. லதா என்னும் எழுத்துரு அதனுடன் வந்தது. எக்ஸ்பியிலும் தமிழ் உண்டு. ஆனால் அது உறங்கிக்கொண்டிருந்தது. மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறை கொண்ட மொழிகளுக்கான கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். நிறுவல் வட்டையும் செருக வேண்டும். விஸ்டாவில் இவ்வேலை தேவைப்படவில்லை. கணினியைத் தொடங்கியவுடனேயே தமிழ் தெரிந்தது. விரைவை விரும்பி விஸ்டாவிலிருந்து எக்ஸ்பிக்குத் திரும்பிய தமிழர், தாம் எதை விட்டுவந்தோம் என்பதைத் தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தபோதே அறிந்திருப்பர்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் எழுத முடியாதா என்று மாணவர் கேட்கலாம். முடிந்தது; அதற்கு ஓர் உத்தி கையாளப்பட்டது. கணினியில் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழி எழுத்துகளுக்குக் குறியெண்கள் இருந்தன. எழுத்துரு உருவாக்கியவர்கள் அவ்வெழுத்துகளின் வடிவங்களை நீக்கி, அவ்விடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். கணினியோ தான் ஐரோப்பிய எழுத்துகளையே காட்டுவதாக நம்பிக்கொண்டிருந்தது. படிப்பவர் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை தோன்றியதால் குழப்பம் மிகுந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. டிஸ்கி என்னும் முறை உலகத் தமிழரிடையே மின்னஞ்சல் வழியே பரவியது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

தாத்தாவின் கோப்பு இத்தகைய எழுத்துரு ஒன்றில் எழுதப்பட்டதாகும். பழைய மேசைக்கணினியில் அது தமிழாகத் தெரிந்ததற்குக் காரணம் விண்டோஸ் 7 அன்று. தாத்தா பயன்படுத்திய எழுத்துரு அக்கணினியில் நிறுவப்பட்டிருந்ததே காரணம். அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து விண்டோஸ் 11இல் நிறுவினாலும் பெரும்பாலும் அதே தமிழ் தெரியும். மாறாக, புதிய மடிக்கணினியின் வட்டை அழித்து விண்டோஸ் 7ஐ அரும்பாடுபட்டு நிறுவினாலும், எழுத்துரு இல்லையேல் அதே பொருளற்ற வரிகளே மீண்டும் தோன்றும். நோய் ஒன்றிருக்க மருந்து வேறாகிவிடும்.

காவல் இல்லாத வீடு

பழைய இயங்குதளத்தை நிறுவிவிட்டதாகவே கொள்வோம். இயக்கிகளும் கிடைத்துவிட்டன. அப்போதும் ஒரு வினா எஞ்சுகிறது: அதற்குக் காவல் உண்டா?

எந்த இயங்குதளமும் குறையின்றி எழுதப்படுவதில்லை. கோடிக்கணக்கான வரிகளில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கும். அது கண்டறியப்படும்போது நிறுவனம் அதனை அடைத்து, இணையத்தின் வழியே திருத்தத்தை அனுப்புகிறது. இதனையே ஆதரவு என்று குறிப்பிடுகின்றனர். ஒவ்வொரு பதிப்பிற்கும் இவ்வாதரவிற்கு ஓர் இறுதிநாள் உண்டு. எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அந்நாளுக்குப் பின்னும் கணினி இயங்கும். திரையும் முன்போலவே ஒளிரும். புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படுவதில்லை. விண்டோஸ் 10க்கு, பதிவு செய்துகொள்வோருக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இதன் விளைவை 2017ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் தீநிரல் பரவத் தொடங்கியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது அது. 150 நாடுகளில் அதன் தாக்குதல் உணரப்பட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் பாதிக்கப்பட்டன. அந்நிரல் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆனால் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டதால் அத்திருத்தம் எக்ஸ்பி பயனர்களைச் சென்றடையவில்லை. தாக்குதல் பரவிய பின்னரே மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் அதனை அனைவருக்கும் வழங்கியது. பழைய தளத்தை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. பாதிக்கப்பட்ட கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7ஐக் கொண்டவை. திருத்தம் வந்திருந்தும் அவற்றில் அது நிறுவப்படவில்லை.

வங்கிகளின் தானியங்கிப் பணப்பொறிகளுள்ளும் எக்ஸ்பி நெடுங்காலம் இயங்கிக்கொண்டிருந்தது. ஆதரவு முடிந்த இயங்குதளங்களை அப்பொறிகளிலிருந்து 2019 ஜூன் மாதத்திற்குள் படிப்படியாக அகற்றுமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்கு ஆணையிட்டது.

எக்ஸ்பியின் இறுதிநாள் நெருங்கியபோது தமிழ்நாடு அரசு வேறொரு வழியைச் சுட்டியது. பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறுமாறு 2013இல் அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாஸ் இந்தியாவிலேயே உருவானது. அதன் முதற்பதிப்பு 2007 ஜனவரியில் சென்னையில் வெளியிடப்பட்டது. அதனை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் தலைமையகம் புனேயில் இருப்பது லோஹேகாவ் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகலாம். இந்தியாவின் பரம் மீக்கணினியை உருவாக்கியதும் அந்நிறுவனமே. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. கணினியைத் தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே வீட்டிற்கு இரு வாசல் வைத்தது போன்ற ஏற்பாடு அது. ஒன்றை விரும்புவதற்காக மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

திரும்பத் துணிந்தவர் அறிய வேண்டுவன

தக்க காரணத்தோடு பழைய தளத்திற்குத் திரும்ப வேண்டியவர்களும் உண்டு. விலையுயர்ந்த ஆய்வகக் கருவியோ, அலுவலகத்தின் கணக்கு மென்பொருளோ பழைய பதிப்பில் மட்டுமே இயங்கக்கூடும். அத்தகையோர் முதலில் தம் நிலை இரண்டனுள் எது என்று அறிய வேண்டும். விண்டோஸ் 10 இருந்த கணினியை அண்மையில் 11க்கு உயர்த்தியிருந்தால், 10 நாள்களுக்குள் அமைப்புகளுக்குச் சென்று திரும்பிவிடலாம். பழைய தளத்தின் கோப்புகள் அதுவரை வட்டிலேயே காத்திருக்கும். பின்னர் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நீக்கப்படும். கடையிலிருந்து வரும்போதே விண்டோஸ் 11 இருந்த கணினியில் இந்த வாய்ப்பு இல்லை. திரும்பிச் செல்வதற்கு அங்கே முன்பு வேறொன்று இருந்ததில்லை. வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவுவது ஒன்றே வழி.

அதற்குமுன் கணினி நிறுவனத்தின் இணையதளத்தில் தம் மடிக்கணினியின் மாதிரி எண்ணை இட்டு, பழைய பதிப்பிற்கான இயக்கிகள் தரப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது முதல் வேலை. கம்பியில்லா இணைய இயக்கியை முன்பே விரலியில் எடுத்துவைக்க வேண்டும். இணையம் இல்லாத கணினியைக் கொண்டு இணைய இயக்கியைத் தேட இயலாது. உரிமத்தையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 புரோ பதிப்பில் 10 புரோவிற்கு இறங்கும் உரிமை உண்டு. ஹோம் பதிப்பில் இல்லை. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அடிப்படை அமைப்பில் மாற்றம் செய்யும்போது 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படலாம். அதனை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருப்பவர் தப்பினார். கோப்புகளைக் குறைந்தது இரண்டு இடங்களில் படியெடுத்து வைப்பதும், ஒரு படியை மற்றொரு கணினியில் திறந்து பார்ப்பதும் இன்றியமையாதவை. “படியெடுத்தாயிற்று” என்று நம்பிய கோப்பு திறக்காமல் போவது அரிதான செய்தி அன்று.

எதையும் அழிக்காத வழியும் உண்டு. மெய்நிகர் கணினி என்னும் மென்பொருளை நிறுவி, புதிய இயங்குதளத்தின் உள்ளேயே ஒரு சாளரத்தில் பழையதை இயக்கலாம். பழையதற்கு இணைய இணைப்புத் தராமல் வைத்துக்கொண்டால் காவலின்மையும் பெரிய கேடு செய்யாது. ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காகக் கணினி முழுவதையும் பின்னோக்கித் தள்ள எண்ணுவோருக்கு இது ஏற்ற வழி.

மீண்டும் அந்த நாற்பது பக்கங்கள்

லோஹேகாவ் மகள் விண்டோஸ் 11ஐ நீக்கவில்லை. விரலியிலிருந்த கோப்பை முதலில் தந்தையின் அலுவலகக் கணினியிலும் இணையச் சேமிப்பகத்திலும் படியெடுக்கிறாள். பின்னர்த் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, அவர் எந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்தார் என்று கேட்கிறாள். அவருக்குப் பெயர் நினைவில்லை. ஆவணத்தைத் திறந்து, பொருளற்ற வரி ஒன்றின்மேல் சுட்டியை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே பட்டியலில் தெரிகிறது. அது கணினியில் இல்லாவிடினும் பெயர் ஆவணத்திற்குள் பதிந்திருக்கிறது.

பெயர் தெரிந்ததும் குறியேற்றம் தெரிந்துவிடுகிறது. பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் தமிழ் ஆர்வலர்களால் முன்பே உருவாக்கப்பட்டுள்ளன. என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் என்பன அவற்றுள் பலரும் அறிந்தவை. ஒரு பக்கத்தை எடுத்து மாற்றியில் இடுகிறாள். கண்மாயும் மடையும் கொடைவிழாவும் திரையில் தமிழாக எழுகின்றன.

மாற்றி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவதில்லை. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்குறியும் ளகரமும் ஒரே வடிவம். ஆகவே ‘மௌனம்’ என்பதன் முதலெழுத்து, ஒற்றைக்கொம்பும் மகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கிறது. பார்வைக்கு வேறுபாடு தெரிவதில்லை. ‘மௌனம்’ என்று கோப்பில் தேடினால்தான் அச்சொல் அங்கே இல்லை என்று கணினி சொல்கிறது. துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தைத் தட்டிய இடங்களும் தாத்தாவின் கோப்பில் உள்ளன. அவர் காலத்தில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். இவற்றைப் பொறி கண்டுபிடிக்காது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி அழைப்பில் மகள் வாய்விட்டுப் படிக்கிறாள். தாத்தா அங்கிருந்து திருத்துகிறார். வாரத்திற்கு இரண்டு பக்கம் முடிகிறது. மூன்றாம் பக்கத்தில் ‘குமிழி’ என்றொரு சொல். கண்மாயில் நீர் வெளியேறும் இடம் என்று தாத்தா விளக்குகிறார். மாற்றி அச்சொல்லைச் சரியாகவே மாற்றியிருந்தது. அவளுக்குத்தான் அது புதிய சொல்.